வெளியிலிருந்தே நிரப்பும் புல் கூடை: உறுமுகிற முயல் இருக்கும் வீட்டுக்கு

எங்கள் வெள்ளச்சி பருவத்துக்கு வந்த பிறகு, கூண்டுக்குள் கை போனாலே காதைப் பின்னால் மடித்து உறுமுவாள். முன்னங்கால்களால் படபடவென்று குத்திவிட்டுக் கடிக்கப் பாய்வாள். பெட்டை முயல்களுக்கு 4 முதல் 6 மாதத்தில் இது சகஜம். தன் இடம், தன் சாப்பாடு என்ற பிடிவாதம் அப்போதுதான் வரும்.

இந்தக் கம்பிக் கூடை கூண்டின் வெளிப்பக்கம் மாட்டுவது. மூடியைத் திறந்து காய்ந்த புல்லை மேலிருந்து திணித்துவிடலாம்; உள்ளே கை விட வேண்டியதே இல்லை. முயலுக்கு மூக்குக்கு நேர் எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே திடீரென்று கை வந்தால் மிரளத்தானே செய்யும்? இப்போது நான் நிரப்பும்போதே பக்கத்தில் வந்து, அருகம்புல்லை ஒவ்வொரு இழையாகக் கம்பி வழியே உருவித் தின்கிறாள். புல் எந்நேரமும் இருப்பதால் சாப்பாட்டுக்கான அந்தப் பறப்பும் குறைந்துவிட்டது.

குறை என்றால் கொக்கிதான். மெல்லிய தகடு, இழுத்தால் வளைகிறது. நான் கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருக்கிறேன். கம்பி இடைவெளியில் முயலின் தலை நுழையாதபடி பார்த்து வாங்குங்கள். இரண்டு முயல் இருந்தால் இரண்டு கூடை, தள்ளித் தள்ளி.

உறுமல் முழுதாக நிற்க இது மட்டும் போதாது. முயல் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கருத்தடை பற்றிக் கேளுங்கள். பெட்டைகளுக்குக் கருப்பைப் புற்றுநோய் வராமலும் அது காக்கும். வெள்ளச்சிக்கும் நாள் குறித்தாயிற்று.