தீவில் வெயில் இருக்கிறது, சரி. கரண்ட் பில் எவ்வளவு?

ராமேஸ்வரத்தில் இருக்கும் அக்கா போன வாரம் போனில் கேட்டாள்: "நீ சோலார் போட்டு அஞ்சு வருஷம் ஆச்சே தம்பி, நாங்களும் போட்டுடலாமா? இந்தத் தீவுல வெயிலுக்கு என்ன குறைச்சல்?" உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் இந்த ஐந்து வருடத்தில் பார்த்ததை வைத்து அவளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எங்களுடையது 2021 பிப்ரவரியில் போட்டது. 335 வாட் பேனல் ஒன்பது, மொத்தம் 3 கிலோவாட். பேட்டரி கிடையாது. பகலில் நாங்கள் பயன்படுத்தியது போக மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போகும், இரவில் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் கணக்கு வைக்கும். மானியம் போகக் கையிலிருந்து 1,40,000 ரூபாய் செலவு. சுமார் 300 சதுர அடி இடம் போனது. வடகம் காயப்போட இடமில்லை என்று அம்மாவுக்கு இன்றும் குறைதான்.

கத்திரி வெயிலில் யூனிட் கொட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அதற்கு ஆகாது. அதன் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். எங்களுக்கு நல்ல மாதம் மார்ச்தான், நாளுக்கு 14 யூனிட் வரை வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 3 யூனிட்டுக்கு இறங்கிய நாளும் உண்டு. வருடச் சராசரி என்றால் நாளுக்குப் பன்னிரண்டை ஒட்டி வரும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர், இரண்டு ஏசி. கோடையில் இரண்டு மாதத்துக்கு 760 யூனிட் ஓடும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டிவிட்டால் சலுகை குறைந்து, மேலே போகப்போக யூனிட்டின் விலையும் ஏறிக்கொண்டே போகும். சோலார் முதலில் வெட்டுவது அந்த உச்சியில் இருக்கும் விலை கூடிய யூனிட்களைத்தான். நாலாயிரத்துக்கு மேல் வந்த கோடை பில் சில நூறு ரூபாயில் நிற்கிறது. போட்ட காசில் மூன்றில் இரண்டு பங்கு இதுவரை திரும்பிவிட்டது.

அக்கா வீட்டில் அவளும் அத்தானும் மட்டும். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். 240 யூனிட், நானூறு ரூபாய் சொச்சம். வருடத்துக்கு 2,500 ரூபாய். அவர்களுக்கு ஒரு கிலோவாட்டே தாராளம். 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட் என்றால் 78,000 வரை மானியம் கிடைக்கிறது. அந்த 30,000 கழித்தாலும் கையிலிருந்து நாற்பதாயிரமாவது போட வேண்டும். திரும்பி வரப் பதினாறு வருடம்! அதற்குள், பேனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரையே ஒருமுறை மாற்ற வேண்டி வரும்.

"பில்லுக்காக மட்டும் இல்லடா, கரண்ட் போனா ஃபேனாவது ஓடுமே" என்றாள். இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகு எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வெயில் வந்துவிட்டது, மாடியில் ஒன்பது பேனலும் பளபளவென்று இருந்தன, கீழே ஃப்ரிட்ஜில் இருந்த பால் திரிந்துபோனது. லைனில் கரண்ட் இல்லையென்றால் இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் மேல் ஷாக் அடிக்கக் கூடாதே, அதற்காகச் செய்த ஏற்பாடு அது. நியாயமானதுதான், ஆனால் போடும்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு நன்றாகவே கூடும். ஃபேனும் லைட்டும் மட்டும் போதுமென்றால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் போதும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை உப்புக்காற்று. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஏழெட்டு கிலோமீட்டர். அப்படியிருந்தும் நிறுவியவர்கள் சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டுவிட்டதால் இரண்டே வருடத்தில் துரு இறங்கி, எல்லாவற்றையும் என் செலவில் மாற்றினேன். அக்கா வீட்டு மாடியில் நின்றாலே கடல் தெரியும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், நன்றாகக் கால்வனைஸ் செய்த ஸ்டாண்ட், உப்புப் படிவைத் தாங்கும் என்று ஐஇசி 61701 சான்று பெற்ற பேனல் இல்லாமல் கை வைக்கவே கூடாது. காற்றும் சாதாரணக் காற்றா? 1964இல் தனுஷ்கோடியையே அழித்த புயலைப் பார்த்த தீவு அது. ஸ்டாண்டின் கால்கள் கான்கிரீட்டில் ஆழமாக உட்கார வேண்டும்.

கழுவுவதைப் பற்றியும் சொன்னேன். முதல் வருடம் போர் தண்ணீரை அடித்துவிட்டு, பேனலில் வெள்ளை வெள்ளையாகப் படிந்ததைச் சுரண்டவும் முடியாமல் தவித்தேன். இப்போது மாதம் இரண்டு முறை, விடிகாலையில், நல்ல தண்ணீரும் துணியும்தான். அப்புறம் நிழல். பக்கத்து வீட்டில் ஒரு மாடி எழுப்பிய பிறகு மாலை மூன்றரைக்கே இரண்டு பேனலில் நிழல் விழுகிறது. வரிசையாக இணைத்திருப்பதால் மற்றவையும் சேர்ந்து தளர்கின்றன. வருடத்துக்கு 4,300 யூனிட் வந்தது 3,900 ஆகிவிட்டது.

இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் அக்காவிடம் சொன்னேன். ஆனால் அவள் மகன் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிடும் பேச்சு நடக்கிறது. மாடி அறைக்கு ஏசி வந்தால் கணக்கு மாறிவிடும். அவன் வந்த பிறகு ஒரு கோடை பில்லைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். ஆடி அமாவாசைக்கு அங்கே போகிறேன். அன்று மூன்று மணி வெயிலில் மாடி ஏறி, அத்தான் வைத்த தென்னையின் நிழல் எதுவரை விழுகிறது என்று பார்த்துக் கோடு போட்டுவிட்டு வர வேண்டும்.