ஈ.சி.ஆர். பக்கம் ஐ.ஜி.எஃப். பேசிக் கோர்ஸ்: எல்.என்.ஜி. பிரமாதம், அமோனியா போதாது

லீவில் இருக்கும்போதே ஐ.ஜி.எஃப். பேசிக்கை, அதாவது புதுவகை எரிபொருளில் ஓடும் கப்பல்களில் வேலை செய்வதற்கான ஆரம்பப் பயிற்சியை, முடித்துவிடலாம் என்று சென்னையில் இடம் தேடிக்கொண்டிருக்கும் இன்ஜினியர்களுக்கும் டெக் ஆபீசர்களுக்கும்தான் இது. நான் படித்தது ஈ.சி.ஆரில், டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல்துறை இயக்குநரகம்) அங்கீகாரம் உள்ள ஒரு இன்ஸ்டிட்யூட். குறைகளும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். இந்த ஊரில் கோர்ஸ் நடத்துகிற எந்த இடத்துக்குப் போனாலும் நான் சொல்வதை வைத்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம்.

புதிதாக வருபவர்களுக்கு: எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு), மெத்தனால் மாதிரி எளிதில் தீப்பிடிக்கும் எரிபொருளில் ஓடும் கப்பல்களுக்கான சர்வதேச விதிகள்தான் ஐ.ஜி.எஃப். கோட், 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. கேஸ் டேங்கர் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்தால் முதலில் கம்பெனியில் கேளுங்கள், பேசிக் கோர்ஸே தேவைப்படாமல் போகலாம்.

முதலில் நல்லது. எல்.என்.ஜி. பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற சீஃப் இன்ஜினியர். மைனஸ் 162 டிகிரியில் இருக்கிற திரவம் டெக்கில் சிந்தினால் சாதாரண கப்பல் இரும்பு என்ன ஆகும், எரிபொருள் ஹோஸை இணைக்கும் மேனிஃபோல்டுக்குக் கீழே எதற்குத் துருப்பிடிக்காத எஃகில் தட்டு வைக்கிறார்கள், பங்கரிங் (கப்பலுக்கு எரிபொருள் நிரப்புவது) நடக்கும்போது கப்பலின் பக்கவாட்டில் எதற்குத் தண்ணீர்த் திரை ஓடுகிறது என்று ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொன்னார். சிந்திய திரவத்தின் மேல் நேராகத் தண்ணீர் அடித்தால் இன்னும் வேகமாக ஆவியாகும் என்பதை அவர் விளக்கிய விதத்தில், இனி எவனும் பதற்றத்தில் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டான். யாராவது தயங்கிக் கேட்டால் "கேளுங்க தம்பி, கப்பல்ல கேக்க நேரம் இருக்காது" என்பார். மீத்தேன் ஸ்லிப் விஷயத்தையும் மறைக்கவில்லை. இன்ஜினில் எரியாமல் புகைபோக்கி வழியாகப் போகும் மீத்தேன் நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும், அதனால் எல்.என்.ஜி. போட்டுவிட்டோம், கப்பல் சுத்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று நேராகவே சொன்னார்.

மெத்தனால் வகுப்பில் ஒரு காரியம் செய்தார்கள், அதற்கே இந்தக் கோர்ஸுக்குப் போகலாம். மதிய வெயிலில் ஃபயர் ஃபைட்டிங் மைதானத்தில் ஒரு எஃகுத் தட்டில் கொஞ்சம் மெத்தனால் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். ஒன்றுமே தெரியவில்லை. புகை இல்லை, மஞ்சள் நிறம் இல்லை, தட்டுக்குப் பின்னால் இருந்த சுவர் மட்டும் லேசாக நெளிகிற மாதிரி இருந்தது. ஒரு நீளக் கம்பியில் செருகிய பேப்பரை ஆசிரியர் மேலே காட்டினார், ஓரம் கறுத்துச் சுருண்டு பற்றிக்கொண்டது, அப்போதுதான் எல்லாரும் ஓரடி பின்னால் போனோம். அப்புறம் தண்ணீர் கலந்து காட்டினார். நாலில் ஒரு பங்கு மெத்தனால், மீதி தண்ணீர் என்று இருந்தாலும் அது பிடிக்கும். சாதாரண ஃபோம் அதில் கரைந்துபோகும், ஆல்கஹாலைத் தாங்கும் ஃபோம்தான் வேண்டும். டீசல் தீயை மட்டுமே பார்த்துப் பழகிய எங்கள் கண்ணுக்கு இது அவசியமான பாடம். ஸ்டெனா ஜெர்மானிகா ஃபெரி 2015லேயே மெத்தனாலுக்கு மாறிவிட்டது, மெர்ஸ்க் 2023ல் லாரா மெர்ஸ்க்கையும் 2024ல் 16,000 கன்டெய்னர் தாங்கும் ஆனி மெர்ஸ்க்கையும் இறக்கிவிட்டது. உங்கள் அடுத்த கான்ட்ராக்டே மெத்தனால் கப்பலாக இருக்கலாம். டேங்க் அளவும் மாறும்: அதே தூரம் ஓட டீசலைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு இடம் வேண்டும்.

சரி, குறைக்கு வருவோம். அமோனியாவுக்குக் கிடைத்தது ஒரு மத்தியானத்தின் கடைசிப் பகுதி, அதுவும் வேறொரு ஆசிரியர் ஸ்லைடைப் பார்த்து வாசித்தார். "கார்பனே இல்லாத எரிபொருள்" என்று பெரிதாக ஒரு வரி, கீழே கொதிநிலை மைனஸ் 33 டிகிரி, முடிந்தது. இன்றைக்கு உலகத்தில் தயாராகும் அமோனியாவில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது, கப்பலில் புகை இல்லையென்றாலும் தொழிற்சாலையில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எரியும்போது நைட்ரஸ் ஆக்சைடு வந்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிட 250 மடங்குக்கு மேல் மோசம், அதையும் சொல்லவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் பாதுகாப்புப் பகுதியில்தான். எல்.என்.ஜி.யில் பயம் குளிரும் தீயும், அமோனியாவில் பயம் மூச்சு. காற்றில் 300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 300 பங்கு) வந்தாலே உயிருக்கு ஆபத்து என்று கணக்கு. அந்த நேரத்தில் பி.ஏ. செட்டை (முதுகில் மாட்டும் மூச்சுக் கருவி) எவ்வளவு சீக்கிரம் மாட்டுகிறாய், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, இன்ஜின் ரூமிலிருந்து எந்த வழியாக வெளியேறுகிறாய் என்பதுதான் பயிற்சி. அது ஒரு முறைகூட நடக்கவில்லை.

சென்னையில் இருந்துகொண்டு இதை விடலாமா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்களே, அதைவிடப் பெரிய கேஸ் ஸ்டடி வேண்டுமா? வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பிக்குச் சொந்த ஊரே எண்ணூர். அவனைப் பேச விட்டிருந்தாலே அந்த மத்தியானம் உருப்பட்டிருக்கும். சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2024 டிசம்பரில் அமோனியா எரிபொருளுக்கு இடைக்கால வழிகாட்டுதல்களுக்கு ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது, ஜப்பானில் அதே வருடம் அமோனியாவில் ஓடும் டக் (இழுவைப் படகு) வேலைக்கு வந்துவிட்டது. அந்த டக்கில் வேலை செய்பவனும் நம்மை மாதிரி ஒருத்தன்தான்.

இன்னொன்று, எண்ணூரில் 2019 முதல் எல்.என்.ஜி. முனையம் இருக்கிறது. ஒரு நாள் அனுமதி வாங்கிக் கூட்டிப்போக முயற்சி செய்யலாம், கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. பங்கரிங் சிமுலேட்டர் நன்றாகவே இருக்கிறது. ஹோஸ் அழுத்தம் ஏறும்போது ஈ.எஸ்.டி. (அவசர நிறுத்தம்) பட்டனை அழுத்தும் வரை விடாமல் பிழிந்தெடுப்பார்கள். ஆனால் ஒரு பேட்ச்சில் ஆள் அதிகம், வரிசையில் நிற்கிற நேரம்தான் கூட. பேசிக்கோடு நிறுத்தாமல் அட்வான்ஸ்டுக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: கப்பலில் ஒரு மாத அனுபவமும் மூன்று பங்கரிங்கும் கேட்பார்கள், அதில் இரண்டைச் சிமுலேட்டரில் காட்டிக்கொள்ள வழி இருக்கிறது. அதனால் சிமுலேட்டரில் தலைக்கு எவ்வளவு நேரம் என்பதை முதலிலேயே கேளுங்கள்.

சாப்பாடு பரவாயில்லை, சாம்பார் சாதமும் தயிர் சாதமும் மாறி மாறி வரும். ஹாஸ்டல் சுத்தம். திருவான்மியூரிலிருந்து வருபவர்கள் காலையில் கொஞ்சம் முன்கூட்டியே கிளம்பணும், ஈ.சி.ஆர். டிராஃபிக்கை நம்ப முடியாது. லேட்டானால் அட்டெண்டன்ஸ் போகும், அதில் இவர்கள் கறார்.

கப்பல்களின் கார்பன் வெளியேற்றத்தைக் குறைக்கும் ஐ.எம்.ஓ.வின் நெட் ஜீரோ கட்டமைப்பு மீதான முடிவு 2025 அக்டோபரில் ஒரு வருடம் தள்ளிப்போனதைச் சொல்லி, "இன்னும் அவசரம் இல்லை" என்று ஆபீசில் ஒருவர் என்னிடம் சமாதானம் சொன்னார். ஆர்டர் போட்ட கப்பல்கள் தள்ளிப்போகவில்லையே சார் என்று ஃபீட்பேக் ஃபார்மில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். எல்.என்.ஜி.க்கும் மெத்தனாலுக்கும் ஐந்துக்கு நாலரை, அமோனியாவுக்கு ஒன்று. சேரும்போது அந்த ரிட்டயர்ட் சீஃப் எடுக்கும் பேட்ச்சா என்று கேட்டுச் சேருங்கள், அமோனியா டிரில் உண்டா என்பதையும் எல்லாரும் கேளுங்கள், நாலு பேர் கேட்டால் அடுத்த பேட்ச்சுக்காவது வைப்பார்கள்.