எட்டு ஆண்டு உழைத்த டிரிம்மரும் அதன் ஒற்றைத் திருகும்

ஹூஸ்டனில் இருக்கும் என் மாமா மகன் சென்ற வாரம் அனுப்பிய கேள்வி ஒரே வரிதான்: “அத்தான், கேஸ் டிரிம்மர் எதை வாங்கலாம்?” .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் துப்பாக்கி ஒன்றை வாங்கி ஓராண்டாகச் சுட்டுப் பழகும் அவன், சேர்த்து வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகளை வீட்டிலேயே மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் நிரப்பத் தொடங்கியிருக்கிறான். மூன்றாம் முறை நிரப்ப எடுத்தபோது உறைகள் நீண்டுவிட்டதை அளவுக்கருவியான காலிப்பர் காட்டிக் கொடுத்திருக்கிறது. அப்படி நீண்ட உறையைச் சரியான அளவுக்கு வெட்டும் கருவிதான் டிரிம்மர். வேறொரு நாளாக இருந்தால் நானும் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். அவன் கேட்ட அன்று என் டிரிம்மர் நாச்சியார்கோயிலில் ஒரு குத்துவிளக்குப் பட்டறையின் மேசையில் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டுக் கிடந்தது. எட்டு ஆண்டு எரிச்சல் முழுவதும் அன்று மேலெழும்பி வந்ததால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது.

என்னிடம் இருப்பது கையால் சுற்றும் லேத் வகை. ஒரு பக்கம் உறையின் அடி விளிம்பைக் கவ்வும் ஷெல் ஹோல்டர், மறுபக்கம் கட்டர், கட்டரின் நடுவே உறையின் வாய்க்குள் நுழைந்து அதை ஆடாமல் நிறுத்தும் பைலட், பின்னால் ஒரு கைப்பிடி, இவ்வளவுதான். தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கோபத்தில் எழுதுகிறவன் பெயர் சொல்லாமல் இருப்பதுதான் நியாயம். பென்சில்வேனியாவில் பனி கொட்டும் மாதங்களில் வெளியே சுடப் போக முடியாது என்பதால், கீழ்த்தள அறையில் உட்கார்ந்து அந்த ஆண்டு சுட்ட உறைகளையெல்லாம் சுத்தம் செய்து, அளந்து, வெட்டி வைப்பது என் வழக்கம். .308 பாதி, அதைவிடச் சிறிய .223 பாதி என்று எட்டுக் குளிர்காலங்களாக இந்த ஒரே கருவிதான் உழைத்திருக்கிறது.

முதலில் அதற்குரிய நல்ல பெயரைக் கொடுத்துவிடுகிறேன். கட்டரை இதுவரை ஒருமுறைகூடச் சாணை பிடிக்கவில்லை, மாற்றவுமில்லை. இன்றும் உறையின் வாயில் பட்டதும் பித்தளை கும்பகோணம் சீவல்போல மெல்லியதாகச் சுருண்டு விழுகிறது. கையில் அதிர்வே தெரிவதில்லை. வெட்டிய விளிம்பை விரலால் தடவினால் உள்ளும் புறமும் மெல்லிய பிசிறு இருக்கும். அது எந்த டிரிம்மரிலும் இருப்பதுதான், தனிக் கருவியால் நீக்கிவிடலாம். வார்ப்பு உடல் இருமுறை சிமெண்ட் தரையில் விழுந்தும் நேர்கோடு மாறவில்லை. இந்த விலைக்கு இப்படி ஒரு கட்டரும் உடலும் கிடைப்பது அபூர்வம் என்று இப்போதும் சொல்வேன்.

எரிச்சல் வேறிடத்தில் இருக்கிறது. வெட்டும் நீளத்தை நிர்ணயிப்பது கட்டரைத் தாங்கிச் சுழலும் ஷாஃப்ட்டின்மேல் நகரும் ஒரு நிறுத்து வளையம். அந்த வளையம் உடலில் வந்து முட்டியதும் கட்டர் அதற்குமேல் முன்னேறாது. வளையத்தை ஷாஃப்ட்டோடு பூட்டுவது கிரப் ஸ்க்ரூ என்னும் தலையில்லாத ஒரே ஒரு திருகு, அதன் முனையோ கிண்ணம்போலக் குழிந்த எஃகு. ஆலன் கீ போட்டு இறுக்கினால் அந்த முனை ஷாஃப்ட்டைக் கடித்து வட்டமாக ஒரு பள்ளம் போடுகிறது. ஒரே நீளத்தில் வைத்து அப்படியே விட்டுவிடுகிறவருக்கு இது பூட்டை இன்னும் உறுதியாக்கும் நல்ல ஏற்பாடு என்றே தோன்றும். என்னைப்போல .308-க்கும் .223-க்கும் மாற்றி மாற்றி வைக்கிறவனுக்கு அது தீராத தலைவலி.

வாங்கிய முதல் நாள் அவசரத்தில் .308-க்கான நீளத்தை 2.000 அங்குலத்தில் வைத்து இறுக்கிவிட்டேன். அந்த உறைக்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், வெட்ட வேண்டிய நீளமாகக் கையேடுகள் சொல்வது 2.005. ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம்தான் வித்தியாசம். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திருத்த முயன்றபோதுதான் கதை தெரிந்தது. 2.005-இல் வளையத்தை நிறுத்தித் திருகை இறுக்கினால், திருகின் முனை பழைய பள்ளத்தின் சரிவில் இறங்கி, வளையத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு 2.000-க்கே போய் உட்கார்ந்தது. மழை ஈரத்தில் பதிந்த வண்டித்தடத்தில் சக்கரம் மறுபடி மறுபடி விழுவதை வயல் பக்கம் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள், அதேதான். சற்றுத் தள்ளி இறுக்கினால் பழைய பள்ளத்தின் விளிம்பை உடைத்துக்கொண்டு பாதிப் பள்ளம் ஒன்று புதிதாகப் பிறக்கும். நான்கைந்து ஆண்டுகளில் ஷாஃப்ட்டின் அந்தப் பகுதி எலி கடித்த தேங்காய்போல ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, சரியாகக் கடிக்காத திருகு, முப்பது நாற்பது உறைகளை வெட்டியதும் கைப்பிடியின் அழுத்தத்தில் மெல்ல நழுவவும் தொடங்கியது. பெட்டியின் முதல் உறை 2.005, கடைசி உறை 1.998 என்று அளவு வரும்போது, நடுவில் எங்கே பிசகியது என்று தேடி எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும்.

நேர்மையாகச் சொன்னால், இதனால் எனக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. சுடும்போது உறை விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரில் ஒட்டுவதும், பிறகு டை என்னும் அச்சுக்குள் கொடுத்துப் பழைய அளவுக்குச் சுருக்கும்போது பித்தளை கழுத்துப்பக்கம் நகர்ந்து நீள்வதும் எல்லோரும் அறிந்தவை. அப்படி நீண்ட உறையை வெட்டாமல் விட்டால், அதன் வாய் அறையின் முன்விளிம்பில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்து, அழுத்தம் அளவு மீறிப் போகும். அதுதான் அஞ்ச வேண்டியது. சற்றுக் குட்டையான உறை அப்படியில்லை. 1.998-உம் 2.005-உம் கலந்த பெட்டியை நூறு கெஜத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறேன். தாளில் விழுந்த துளைகளை வைத்து எது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆக என் புகார் துல்லியத்தைப் பற்றியது அல்ல. நான் வைத்த இடத்தில் நிற்க மாட்டேன் என்று ஒரு கருவி எட்டு ஆண்டுகளாக என் முகத்துக்கு நேரே சொல்வதைப் பற்றியது. நிறுவனத்துக்கு எழுதினேன், திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள் என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது. இறுக்கினால் பள்ளம் ஆழமாகும் என்பதைத்தானே நான் எழுதியிருந்தேன்!

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது டிரிம்மரைத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். உறை ஒன்றைக்கூட எடுத்து வரவில்லை. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பகுதிகளையும் தோட்டாவாகவே கருதுகிறது. உரிமமின்றி இங்கே தோட்டா செய்வதும் குற்றம்.  கும்பகோணத்திலிருந்து அதிக தூரமில்லாத நாச்சியார்கோயிலுக்கு டிரிம்மரை எடுத்துப் போனதற்குக் காரணம், பித்தளையோடு பரம்பரையாகப் பழகும் கைகள் அங்கே இருக்கின்றன என்பதுதான். காவிரி வண்டலில் அச்சு எடுத்து, வார்த்து, லேத்தில் கடைந்து, அடிப்பாகம், தண்டு, தட்டு, முடி என்று தனித்தனியாகச் செய்து மரையில் பூட்டும் குத்துவிளக்குகள் அவை.

பட்டறையின் பெரிய பத்தர் டிரிம்மரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை நூல் பிசகுகிறது என்று கேட்டார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு; அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு பிசகினாலே எனக்கு அதிகம் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. ஷாஃப்ட்டின் பள்ளங்களை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல், அப்போது லேத்தில் பூட்டியிருந்த விளக்குத் தண்டைக் காட்டினார். லேத்தில் பொருளைப் பிடிக்கும் சக்கின் மூன்று தாடைகளுக்கும் தண்டுக்கும் நடுவே செப்புத் தகட்டுத் துண்டுகள் செருகியிருந்தன. “தண்டுல பல்லு பதிஞ்சா விளக்கு போச்சு, தம்பி” என்றார்.

அவர் செய்தது இவ்வளவுதான். பள்ளங்களைச் சுற்றி எழும்பி நின்ற விளிம்பை எண்ணெய்க்கல்லால் தேய்த்துச் சமமாக்கினார். கிரப் ஸ்க்ரூவின் கிண்ண முனையை அரத்தால் ராவித் தட்டையாக்கினார். கீழே கிடந்த பித்தளைக் கம்பியில் மிளகு அளவுக்கு ஒரு துண்டை நறுக்கி, திருகு இறங்கும் துளைக்குள் முதலில் போட்டு, அதன்மேல் திருகை இறக்கினார். இறுக்கியதும் பித்தளைத் துண்டு ஷாஃப்ட்டின் வளைவுக்கு ஏற்பத் தானே படிந்து, பழைய பள்ளங்களின்மேல் பாலம்போல அகன்று உட்கார்ந்தது. கடி இல்லை, பிடி மட்டும் இருந்தது. உறைக்குப் பதிலாக வைத்துச் சோதிப்பதற்காக, அடியில் விளிம்பும் தலையில் துளையுமாக ஒன்றரை அங்குல நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து கொடுத்தார். பக்கத்து மெக்கானிக் கடையில் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் தகடுகளை வாங்கி வந்து, வளையத்தை ஆயிரத்தில் மூன்று பங்கு அங்குலம் நகர்த்தி இறுக்கி வெட்டினேன். மூன்று குறைந்தது. மறுபடி நகர்த்தினேன். மறுபடியும் மூன்றேதான். பன்னிரண்டு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்குள் பட்டறையில் இருந்தவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டார்கள். கூலியாக அவர் வாங்கியது நூற்றைம்பது ரூபாய். பித்தளைக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

மகிழ்ச்சியோடு திரும்பியிருக்க வேண்டும். பேருந்தில் வரும்போது கோபம்தான் கூடியது. ஒரு மிளகுப் பித்தளை! அதைப் போட்டு விற்றிருந்தால் ஷாஃப்ட் இன்று புதிதாகவே இருந்திருக்கும். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்மேலும்தான். டையின் பூட்டு வளையத்தில் திருகுக்கு அடியில் ஈயக் குண்டு ஒன்றைப் போடுவது உறைகளை மீண்டும் நிரப்புகிறவர்களுக்குப் பழைய பழக்கம். நானே என் டைகளில் போட்டிருக்கிறேன். அதே மேசையில் ஒரு முழம் தள்ளி இருந்த டிரிம்மருக்கு அதைச் செய்ய எட்டு ஆண்டுகளாகத் தோன்றாததற்கு எந்த நிறுவனத்தைத் திட்டுவது?

இனி மாமா மகனுக்கு. ஒரே துப்பாக்கி, ஆண்டுக்கு இருநூறு முந்நூறு உறை என்றால், லீ நிறுவனத்தின் நிலைநீளக் கட்டர் போதும். நீளத்தை அதிலுள்ள ஊசியே தீர்மானிப்பதால் நகர்த்த வளையமும் இல்லை, நழுவத் திருகும் இல்லை. நீ விரும்பினாலும் நீளத்தை மாற்ற முடியாது என்பதே அதன் குறையும் நிறையும். செலவு செய்யத் தயார் என்றால் வில்சன் வகையைப் பார். உறையின் உடலை ஒரு குழலே பிடித்துக்கொள்வதால் பைலட் தேவையில்லை. மைக்ரோமீட்டர் வைத்த வடிவமும் கிடைக்கிறது. டிரில்லில் மாட்டி, உறையின் கழுத்துக்குக் கீழே சரியும் தோளிலிருந்து நீளம் பார்க்கும் வகை வேகமானது, ஆனால் டையில் நீ சுருக்கும் அளவு ஒரே சீராக இருந்தால்தான் அதன் வெட்டும் சீராக இருக்கும். புதிதாகத் தொடங்கும் உனக்கு இப்போது வேண்டாம். லேத் வகையைத் தொட்டுப் பார்க்க நேர்ந்தால், கட்டரைப் பார்த்து மயங்காமல் நிறுத்து வளையத்தின் திருகைக் கழற்றி, அதன் முனையைப் பார்.

என்னுடையதை வாங்காதே. நீ இரவல் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அடுத்த மாதம் அதே வேட்டிகளுக்கு நடுவே என்னோடு திரும்பி வருகிறது, பத்தர் கூடுதலாக நறுக்கிக் கொடுத்த நான்கு பித்தளைத் துண்டுகளும் ஒரு விபூதிப் பொட்டலத்தில் அதன்கூடவே.