வன்னி வயலுக்கு விறைத்த பூட்ஸா, வளையும் பூட்ஸா?

முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கம்பூட்ஸ் எல்லாம் கடையில் தொங்கும்போது ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் எடுத்து விரல் பக்கத்தை மடக்கிப் பாருங்கள். மடிந்த இடம் வெளிறிக் கோடு விழுந்தால் பெரும்பாலும் பிவிசி. விட்டதும் துள்ளி நேரானால் இறப்பர். வயலில் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் முழுக்க வேறு.

பிவிசி பூட்ஸ் அச்சில் ஒரே வார்ப்பாக வருவது. பொருத்து இல்லாததால் வெடிப்பு விழும்வரை தண்ணீர் புக வழியில்லை. டீசலும் எண்ணெயும் பட்டால் இறப்பர் ஊதிப் பிசுபிசுக்கும், பிவிசி அவ்வளவு கெதியாகக் கெடாது. லான்ட்மாஸ்டரோடு (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) நாள் முழுக்க நிற்பவருக்கு அதுவே சரி. அதன் பலவீனம் விரல் மடியும் இடம். அங்கே வெடித்தால் கதை முடிந்தது. சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசன் அதில் பிடிக்காது. இறப்பர் பூட்ஸ், தகடுகளை அச்சுக்கால் மீது ஒட்டி வேகவைத்து எடுப்பது. அது அடிப்பாகம் சேரும் விளிம்பில்தான் வாய் பிளக்கும். அந்த இடத்தைக் கழுவிக் காயவிட்டு, மணல்தாளால் உரசி, ரியூப் துண்டு வைத்து ஒட்டினால் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும்.

இதெல்லாம் இரண்டாம் பட்சம். எது நல்ல பூட்ஸ் என்பதைச் சேறுதான் சொல்லும். வன்னி முழுக்க ஒரே மண் இல்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்துச் செம்மண் கலந்த காணிகளில் கால் ஒரு சாண் புதைந்தாலும் அடியில் இறுக்கம் கிடைக்கும். விறைத்த பிவிசி பூட்ஸோடு சமாளிக்கலாம். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களியில் அந்தப் பாச்சா பலிக்காது. கோடையில் வெடித்துப் பிளந்து கிடக்கும் அந்த மண் நனைந்தால் குதிக்குக் கீழே காற்றுப் புக இடமில்லாமல் உறிஞ்சிப் பிடிக்கும். விறைத்த பூட்ஸுக்குள் கணுக்கால் ஆடிக்கொண்டிருக்கும். கால் மேலே வரும், பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும். மெல்லிய இறப்பர் கணுக்காலோடு ஒட்டி நிற்பதால் கூடவே வரும்.

எதைப் போட்டாலும் காலை நேரே மேலே இழுக்கக் கூடாது. முதலில் குதியைக் கிளப்பி, முன்பாதத்தை ஒருமுறை பக்கவாட்டில் திருப்பினால் ஓரத்தால் காற்றுப் புகுந்து பிடி விடும். பழைய சைக்கிள் ரியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, பாத வளைவுக்குக் கீழால் எடுத்துக் கணுக்காலில் குறுக்காகச் சுற்றிக் கட்டினால் பிவிசியும் ஓரளவு அடங்கும். அப்படிக் கட்டிய பூட்ஸோடு ஆழ வாய்க்காலிலோ குளத்திலோ இறங்கக் கூடாது. தண்ணீர் நிறைந்தால் அவசரத்துக்குக் கழற்ற முடியாது.

பலகையடித்த சேற்றில் முளைநெல் விதைக்கும்போது இரண்டுமே வேண்டாம் என்போம். பூட்ஸ் தடம் அகலம்; இழுத்தெடுக்கும்போது சுற்றுச் சேற்றையும் கிளப்பிக் குழியாக்கும். குழியில் தண்ணீர் தேங்கினால் அதில் விழுந்த முளை அழுகும். காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பில் இந்தத் தலையிடி இல்லை.

ஆனால் வெறுங்காலுக்கு எலிக்காய்ச்சல் பயம் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, வெட்டுக்காயத்தாலும் ஊறிய தோலாலும் உள்ளே போகும். வயலில் இறங்குவோருக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுக்கும் வழக்கம் இலங்கையில் இருக்கிறது. விதைப்புக்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். கர்ப்பிணிகளும் வேறு மருந்து எடுப்பவர்களும் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். பூட்ஸ் போட்டால் இந்தப் பயமே இல்லை என்பதும் பிழை. மேல்வாயால் தண்ணீர் புகுந்த பூட்ஸுக்குள் அழுக்குத் தண்ணீரில் கால் மணிக்கணக்கில் ஊறும். பிவிசியின் விறைத்த மேல்விளிம்பு கெண்டைக்காலை உரசிக் கொப்புளம் போட்டால் கிருமிக்கு அதுவே வாசல். நீளச் சொக்ஸ் போட்டு, சாரத்தை விட்டுக் காற்சட்டைக்கு மாறினால் உரசல் குறையும். மருந்தடிக்கும் நாளில் காற்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே சொருகினால் வடியும் மருந்தெல்லாம் காலுக்குத்தான் போகும்.

பாம்பு விஷயத்தில் பிவிசிக்கே எங்கள் வாக்கு. கண்ணாடிப் புடையன் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும்தான் கடிக்கும். அறுவடைக் காலத்திலும், இரவில் தண்ணீர் மறிக்கப் போகும்போதும் வரம்பில் மிதிபடுவது அதுதான். விறைத்த பூட்ஸில் சுவருக்கும் காலுக்கும் இடையில் இடைவெளி இருக்கும். பல் உள்ளே வந்தாலும் சதையைத் தொடும் வாய்ப்புக் குறைவு. காலோடு ஒட்டிய மெல்லிய இறப்பரில் அந்த இடைவெளி இல்லை. பெரிய புடையனின் பல் ஒரு சென்ரிமீற்றருக்கும் மேல் நீளம் என்பதால் எந்தப் பூட்ஸையும் முழுக்க நம்ப முடியாது. ரோச் லைற் இல்லாமல் இறங்கக் கூடாது. கடி விழுந்தால் வீக்கம் ஏறுமுன் பூட்ஸைக் கழற்றுங்கள், வராவிட்டால் கத்தரியால் வெட்டுங்கள். இறுக்கிக் கட்டுவதும் கீறி இரத்தம் எடுப்பதும் கூடாது. காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

பற்றைக்காட்டுக்குள் விறகுக்கோ மாடு தேடியோ போவதென்றாலும் தடித்த அடிப்பாகம் உள்ளதே நல்லது. வேலமுள் மெல்லிய அடியைத் துளைத்து வரும். மிதிவெடி எச்சரிக்கைக்கு மண்டையோட்டுப் பலகை நட்ட காணிக்கு எந்தப் பூட்ஸும் பாதுகாப்பில்லை, அதற்குள் போகவே வேண்டாம்.

அளவு பார்ப்பதற்கு மாலை நேரம் நல்லது, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். சொக்ஸோடு போட்டு விரல்களை முன்னால் முட்டவிட்டால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் அதைச் சேறு எடுத்துக்கொள்ளும்.

ஒரு சோடிக்குத்தான் காசு என்றால், செம்மண் காணிக்காரர் பிவிசி வாங்கலாம். களிமண் காணிக்காரருக்கு இறப்பர்தான், விலை கூடினாலும். அதை வெயிலில் காயப்போட்டால் கெதியில் பொருக்கு வெடிக்கும். உள்ளே பழைய பேப்பர் அடைத்து, நிழலில் இரண்டு தடி நட்டுக் கவிழ்த்து வையுங்கள். காலையில் போடுமுன் குதியைப் பிடித்து நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பூரானுக்கும் தேளுக்கும் அந்த இருட்டு நல்லாகப் பிடிக்கும்.