விசிறி இறுகிய ட்ரோலிங் மோட்டாரைத் திருத்தக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ஒன்ராறியோவில் சிறு படகு வைத்து மீன்பிடிக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடைய மின் ட்ரோலிங் மோட்டாரின் (பற்றறியில் ஓடி, சிறு படகை மெதுவாகச் செலுத்தும் மோட்டார்) விசிறி தண்டில் இறுகிக் கழற்ற முடியாமல் போனபோது, அதை ஏரிக்கரை ஊர் ஒன்றில் உள்ள திருத்தகத்தில் கொடுத்து, 412 டொலர் கட்டித் திரும்பப் பெற்றேன். பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருந்த வேலைகளில் பெரும்பாலானவை செய்யப்படவே இல்லை என்பதும், அப்படிச் செய்யாமல் விட்டதே மோட்டாருக்குள் தண்ணீர் புகுவதற்குக் காரணமாகிவிட்டது என்பதும் மூன்று கிழமைகளுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. முறைப்பாடு இன்னும் முடிவடையாததால் திருத்தகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்தது என்ன, அந்த வேலை எப்படிச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதை ஒன்றும் விடாமல் சொல்கிறேன்.

என்னுடையது 14 அடி அலுமினியப் படகு. அதன் பின்புறத்தில் 12 வோல்ற் பற்றறியில் ஓடும், 55 இறாத்தல் உந்துவிசை உள்ள மோட்டார் பூட்டியிருக்கிறேன். கடந்த ஒக்டோபரில் றைஸ் ஏரியில் ஆழம் குறைந்த ஓரிடத்தில் பாசிக்குள்ளால் போய்க்கொண்டிருந்தபோது விசிறி கல்லொன்றில் அடித்தது. மோட்டார் நிற்கவில்லை, சிறிது அதிர்வுடன் கரைவரை கொண்டுவந்து சேர்த்தது. குளிர்காலம் முழுவதும் அது அப்படியே கராஜில் கிடந்தது. மே மாதம், பாஸ் மீன் பருவம் திறப்பதற்கு முன் விசிறியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று நட்டை எடுத்தேன். நட் வந்தது, வாசர் வந்தது, விசிறி மட்டும் அசையவில்லை. குறட்டால் தண்டின் முனையைப் பிடித்துத் திருகிப் பார்த்ததில், மரையில் ஒரு சிறு வெட்டு விழுந்ததுதான் மிச்சம். அந்த வெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே எனக்குச் சாட்சியாயிற்று.

இந்த மோட்டார் விளங்க முடியாத இயந்திரம் அன்று. 1934ஆம் ஆண்டு வட டகோட்டா மாநிலத்தின் பார்கோ நகரில் முதன்முதலாக இதைச் செய்தவர், ஃபோர்ட் காரொன்றின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, அதில் விசிறியைப் பொருத்தியே செய்தார். இன்றைய மோட்டாரிலும் அடிப்படை மாறவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் உருளைக்குள் காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே ஆர்மேச்சர் என்னும் கம்பிச் சுருள் பகுதி சுழலும். அதன் தண்டு, தண்ணீர் உள்ளே வராமல் காக்கும் றப்பர் சீல் வழியாக வெளியே வரும். வெளியே வந்த தண்டில் குறுக்குத் துளை ஒன்று இருக்கும். அந்தத் துளைக்குள் செருகிய குறுக்காணியின் மேல் பிளாஸ்டிக் விசிறியின் பள்ளம் வந்து உட்காரும். விசிறி கல்லில் அடித்தால் தண்டுக்குப் பதிலாக அந்த ஆணி வளைய வேண்டும், அல்லது முறிய வேண்டும். அது அங்கே இருப்பதே அதற்காகத்தான். வளைந்த ஆணி விசிறியின் பள்ளத்துக்குள் ஆப்புப்போல் இறுகிக்கொள்வதால், நட்டைக் கழற்றிய பிறகும் விசிறி வராது. இரண்டாவது காரணம் தூண்டில் நூல். தங்கூசியோ பின்னல் நூலோ விசிறிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டால், அது தண்டுக்கும் சீலுக்கும் இடையே இறங்கி இறுகிவிடும். இந்த இரண்டையும் அன்றைக்கே நான் அறிந்திருந்தால் திருத்தகத்தின் வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

திருத்தகத்தில் இருந்தவர் மோட்டாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அரை மணிநேர வேலை, புது விசிறியோடு சேர்த்து 120 டொலர் ஆகும் என்றார். அன்று மாலையே அதே தொகையைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பினார். இரண்டு கிழமைகள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, தண்டு வளைந்திருந்ததால் ஆர்மேச்சர், சீல், ஆணி ஆகிய எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகவும், மொத்தம் 412 டொலர் என்றும் அறிவித்தார். என்னைக் கேட்காமல் ஏன் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, செய்யாமல் விட்டிருந்தால் மோட்டார் குப்பைக்குத்தான் போயிருக்கும் என்றார். பழைய உதிரிகளைக் கேட்டேன், எறிந்துவிட்டதாகச் சொன்னார். பணம் கட்டும்வரை பொருளைத் தடுத்து வைக்கத் திருத்துநருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு என்றும் நினைவூட்டினார். ஒன்ராறியோவில் அப்படியொரு உரிமை இருப்பது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாத வேலைக்கும் அந்த உரிமை நீளுமா என்று அந்த இடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் ஏரியிலேயே மோட்டார் பிடிக்கும் கையில் அதிர்வு தெரிந்தது. மூன்றாம் வேகத்துக்கு மேல் வைத்தால் படகின் பின்பலகையே நடுங்கியது. புது விசிறி பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். பிளாஸ்டிக் விசிறி பழகுவதற்கு என்ன இருக்கிறது? மூன்றாம் பயணத்தில் மோட்டார் வலுவிழந்து, 60 அம்பியர் பிரேக்கர் இரண்டு முறை விழுந்தது. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி வைத்த மோட்டாரின் கீழ் அடுத்த நாள் காலையில் தேநீர் நிறத்தில் ஒரு சிறு குட்டை தேங்கியிருந்தது.

எங்கள் தெருவில், பருத்தித்துறையில் முப்பது ஆண்டுகள் மீன்பிடிப் படகு இயந்திரங்களைத் திருத்திய ஒரு பெரியவர் இருக்கிறார். மகள் வீட்டில் ஓய்வாக இருக்கும் அவரை அழைத்துவந்தேன். அவர் மோட்டாரைத் தொடுவதற்கு முன் சொன்ன முதல் சொல் இதுதான்: “தம்பி, முதல்ல பற்றறி வயரைக் கழட்டி வையும். அதுக்குப் பிறகுதான் நான் கை வைப்பன்.” கைபட்டு வேகக் கட்டுப்பாடு திரும்பினால், விசிறி விரல்களோடு சேர்ந்தே சுழலும். திருத்தகத்தில் நான் நின்ற நேரத்தில், மோட்டாரைப் பற்றறியில் கொளுவியபடியே அதன் விசிறியை உலுக்கிப் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

நட்டைக் கழற்றுவதற்கே நீண்ட ஸ்பானர் தேவைப்பட்டது. நட் இறுகிப் பிடித்த இடத்திலிருந்து கால் சுற்று மட்டும் கூடுதலாகத் திருக வேண்டும் என்பதே முறை. அதற்கு மேல் திருகினால் விசிறியின் குடம், அதாவது இதழ்கள் சேரும் நடுப்பகுதி, வெடிக்கும். இவர்கள் பலங்கொண்ட மட்டும் திருகியிருந்தார்கள். நட்டை எடுத்த பிறகும் புது விசிறி வரவில்லை. பெரியவர் அவசரப்படவில்லை. விசிறியைக் கிடையாகத் திருப்பி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதைக் குடத்தின் மேல் மெதுவாக ஊற்றினார். உருக்கைவிடப் பிளாஸ்டிக் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் பிடி சற்றுத் தளரும். பிறகு சுவருக்குப் பட்டி பூசும் அகலத் தகடுகள் இரண்டை எடுத்து, விசிறிக்குப் பின்னால் நேரெதிரான இரு பக்கங்களிலும் செருகி, மோட்டாரின் உடலில் படாமல் மரச் சீவல்களை அண்டைகொடுத்து, இரண்டையும் ஒரே அளவில் அழுத்தினார். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் தண்டு கோணும் என்றார். இடையிடையே இதழ்களின் பின்புறத்தில், குடத்துக்கு அருகில், றப்பர்ச் சுத்தியலால் ஒரு பக்கமும் மறு பக்கமுமாக மெல்லத் தட்டினார். கால் மணிநேரத்துக்குள் ‘டப்’ என்ற ஓசையோடு விசிறி அவருடைய கைக்கு வந்தது.

உள்ளே கண்டதைச் சொல்வதற்கே இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன். மாற்றியதாகப் பணம் வாங்கிய குறுக்காணி வளைந்தபடியே தண்டில் இருந்தது. அதன் மேல்தான் புது விசிறியை வைத்து அடித்து இறக்கியிருக்கிறார்கள். விசிறி ஒரு பக்கம் தூக்கலாக உட்கார்ந்ததால்தான் அவ்வளவு அதிர்வு. தண்டின் மரையில், மே மாதம் என் குறடு விழுத்திய அதே வெட்டு இருந்தது. ஆகவே ஆர்மேச்சரும் மாறவில்லை. அலுமினிய உடலின் விளிம்பில் மூன்று இடங்களில் திருப்புளியால் நெம்பிய ஆழமான தழும்புகள் இருந்தன. வண்ணம் உரிந்து உலோகம் பளிச்சென்று தெரிந்தது. பழைய விசிறியை அப்படித்தான் பிய்த்திருக்கிறார்கள். பெரியவர் சிறு கொக்கியொன்றைச் சீலின் ஓரத்துக்குள் விட்டு இழுத்தார். இளம்பச்சை நிற நூலொன்று சுருள் சுருளாக வந்தது. அது போன ஆண்டு என் தூண்டிலில் இருந்த பின்னல் நூல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். “இது புதுச் சீல் இல்லைத் தம்பி. ஒருத்தரும் இதைத் தொடவே இல்லை” என்றார்.

ஆணியை எடுப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தண்டின் அடியில் மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து, ஆணியின் வளைந்த முனையை வாளால் அறுத்து நீக்கிவிட்டு, மிச்சத்தை மெல்லிய உளிக்கம்பியால் தள்ளி எடுத்தார். வெளியே வந்த துண்டை எங்கள் சமையலறை மேசையின் கண்ணாடியில் உருட்டிக் காட்டினார். அது நொண்டி நொண்டி உருண்டது. பிறகு, புதிதாக வாங்கிய ஆணியையும் அப்படியே உருட்டிப் பார்த்த பின்னர்தான் தண்டில் செருகவிட்டார். ஆணி முழுவதுமாக முறிந்து, நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றுமானால், தண்டின் முனையில் உள்ள பள்ளத்தில் திருப்புளியை வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்ற வேண்டும் என்பதையும் அவரிடமே கற்றேன். விசிறி எதற்கும் மசியாவிட்டால், தண்டில் படாமல் அதன் குடத்தை அறுத்து எறிந்துவிடலாம். விசிறியை வாங்கலாம், ஆர்மேச்சரின் விலை அதைவிட மிக அதிகம்.

தண்டின் முனையில் இரும்புச் சுத்தியலால் அடிக்க ஒருவரையும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் காந்தங்கள் பீங்கான்போல் வெடிக்கக்கூடியவை. அந்த அடி தாங்கியையும் கார்பன் பிரஷ்களையும்கூடக் கெடுக்கும். தீச்சூடு காட்டினால் விசிறியும் உருகும், சீலும் கெட்டுவிடும். துரு இளக்கும் எண்ணெய்களைத் தெளிப்பதும் எல்லா நேரமும் நல்லதன்று. சில பிளாஸ்டிக் வகைகள் அவற்றால் விரிசல் விடும். ஒவ்வொரு முறையும் ஏரியிலிருந்து திரும்பியதும் விசிறிக்குப் பின்னால் நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சீலை அறுப்பது பெரும்பாலும் அந்த நூல்தான். எனக்கும் அதுதான் நடந்தது.

மோட்டார் பிழைத்துக்கொண்டது. உருளையின் பொருத்துகளுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டு வைத்துவிட்டு, நீண்ட திருகாணிகள் இரண்டையும் கழற்றித் திறந்து, தண்ணீரை வடித்து, இரண்டு நாள் உலரவிட்டு, புதுச் சீல்களைப் போட்டு, கோட்டுக்குக் கோடு பொருத்தி மூடினோம். சீல், ஆணி, விசிறி எல்லாம் சேர்ந்து நூறு டொலரை எட்டவில்லை. பெரியவர் தன் உழைப்புக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு கொடுத்தவர், வாடிக்கையாளர் கூடுதல் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதவரை, அந்தத் தொகைக்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி வாங்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் என்னிடம் வாங்கக்கூடியது 132 டொலர். குறுஞ்செய்தியின் படம், பற்றுச்சீட்டு, தழும்புகளின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்துத் திருத்தகத்துக்குக் கடிதம் எழுதினேன். மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டேன் என்று கையெழுத்து வைத்தால் 80 டொலர் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை. மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன்.

நீங்கள் திருத்தக் கொடுப்பதானால், மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். என்னிடம் அந்தக் குறுஞ்செய்தி மட்டும் இல்லாதிருந்தால் கடிதத்தில் எழுதுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. மாற்றும் உதிரிகளைத் திருப்பித் தர வேண்டும் என்று கொடுக்கும்போதே அதில் எழுதச் சொல்லுங்கள். மோட்டாரின் பின்புறத்தை, தண்டின் முனை தெரியும்படி, கொடுப்பதற்கு முன் படமெடுத்து வையுங்கள். இந்த ஆண்டு எங்காவது சீல் மாற்றுவித்தவர்கள், அடுத்த முறை தண்ணீரில் இறக்குவதற்கு முன் பற்றறியைக் கழற்றிவிட்டு, நட்டை எடுத்து, விசிறியை இழுத்துப் பாருங்கள். ஆணி நேராக இருக்கிறதா, சீலின் ஓரத்தில் உங்கள் பழைய நூல் தெரிகிறதா என்பதை அறிய ஐந்து நிமிடம் போதும்.