64 குதிரைத்திறனோடு மல்லுக்கட்டுவது: கிரான் டூரிஸ்மோ 7-ல் சுஸுகி கப்புச்சினோ

பிளேஸ்டேஷன் கார் பந்தய கேமான கிரான் டூரிஸ்மோ 7 வந்தது 2022 மார்ச்சில். அன்று முதல் ஓட்டி ஓட்டி என் கராஜில் போர்ஷே, ஃபெராரி, லீ மான் ரகக் கார்கள் என்று எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆனாலும் பிளேஸ்டேஷனைப் போட்டதும் நான் ஏறி உட்காருவது, பழைய கார் கடையில் வாங்கிய 1991 மாடல் சுஸுகி கப்புச்சினோவில்தான். 657 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 64 குதிரைத்திறன், எடை 700 கிலோ. இதைவிட வேகமான கார்களோடு மட்டும்தான் இதை ஓட்டுவது என்று ஒரு பிடிவாதம். அதில் எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை, யாருக்கு இது சரிப்பட்டு வராது என்பதை எழுதுகிறேன்.

காரைப் பற்றிக் கொஞ்சம். ஜப்பானில் 'கெய்' என்று ஒரு வகை உண்டு. சின்னக் காருக்கு வரிச்சலுகை, ஆனால் அளவுக்குக் கட்டுப்பாடு. 1990-ல் எஞ்சின் உச்சவரம்பை 550-லிருந்து 660 சிசிக்கு உயர்த்தினார்கள். அப்போதைய நீள வரம்பு 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர். கப்புச்சினோவின் நீளம் 3,295 மில்லிமீட்டர், அகலம் 1,395. நீளத்திலும் அகலத்திலும் ஐந்தைந்து மில்லிமீட்டர்தான் மிச்சம்! 64 குதிரைத்திறன் என்பதுகூட சட்டம் போட்ட எல்லை இல்லை, கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில், எடைப் பங்கீடு 51-க்கு 49. அச்சு அசல் ஸ்போர்ட்ஸ் கார் அமைப்பு, ஆனால் உள்ளே இருப்பது மாருதி 800-ன் பங்காளி எஞ்சின். சும்மா சொல்லவில்லை. நம்மூர் 800-ல் இருந்த 796 சிசி எஃப்8பி, இதில் இருக்கும் எஃப்6ஏ இரண்டுமே சுஸுகியின் ஒரே எஃப் வரிசையில் வந்தவை. இதற்கு இரட்டை கேம்ஷாஃப்ட், 12 வால்வு, டர்போ, இன்டர்கூலர் என்று நகை நட்டெல்லாம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். 800-ன் எஞ்சினை வைத்துக் கோவை கரிவர்தன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டியது நினைவிருப்பவர்களுக்கு, இந்தக் குடும்பம் டிராக்கில் ஓடுவது ஆச்சரியமாக இருக்காது.

இனி மோதல். நான் வழக்கமாக எதிர்கொள்வது இரண்டு கார்களை. ஒன்று 1989 மாடல் மாஸ்டா ரோட்ஸ்டர், 120 குதிரைத்திறன், 940 கிலோ. இன்னொன்று 1998 ஹோண்டா சிவிக் டைப் ஆர், 185 குதிரைத்திறன், ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஒரு குதிரை எத்தனை கிலோவை இழுக்கிறது என்று வகுத்துப் பார்த்தால் கப்புச்சினோவுக்குக் கிட்டத்தட்ட 11, ரோட்ஸ்டருக்கு எட்டுக்குள், சிவிக்குக்கு ஆறுக்குள். நேர் ரோட்டில் சிவிக்கோடு பேச்சே கிடையாது. ஓரமாக ஒதுங்கிக் கும்பிடு போட வேண்டியதுதான்.

அப்படியானால் எங்கே ஜெயிப்பது? பிரேக்கில் என்று பலரும் சொல்வார்கள், எடை குறைவாயிற்றே என்று. அது பாதிதான் சரி. ஒரே ரக டயர் போட்டிருந்தால், ஒரே வேகத்திலிருந்து நிற்க 700 கிலோவுக்கும் 1,050 கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் ஆகும். வித்தியாசம் வருவது வேகத்தில். சிவிக் 160-ல் வந்து சேரும் இடத்துக்கு நான் 140-ல் வருகிறேன் என்று வையுங்கள். நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அவருக்கு என்னைவிட 30 சதவீதம் கூடுதல் தூரம் தேவை. ஆக, நான் தாமதமாக பிரேக் பிடிப்பது திறமையால் அல்ல, மெதுவாக வந்ததால்! உண்மையான லாபம் அகலத்தில் இருக்கிறது. சிவிக்கைவிட கப்புச்சினோ 30 சென்டிமீட்டர் குறுகல். அதே தார் ரோட்டில் எனக்கு அந்த அளவுக்கு விரிந்த வளைவு கிடைக்கிறது. எஸ் வளைவுகளில் அவர் ஸ்டியரிங்கை இரண்டு முறை ஒடிக்கும் இடத்தில் நான் ஏறக்குறைய நேராகப் போய்விடலாம்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடம் சுகுபா. ஜப்பானின் இபாராகி மாகாணத்தில் இருக்கிறது, ஒரு சுற்று 2,045 மீட்டர். நம் கோவை கரி ஸ்பீட்வே அளவுதான். இங்கே ஒரு கடைசிச் சுற்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், மற்ற டிராக்குகளுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

முதல் திருப்பத்திலிருந்து இரண்டாவது ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) வரை சின்னக் காரின் ராஜ்ஜியம். சிவிக்கின் பின்பம்பரில் மூக்கை ஒட்டிவிடலாம், மனமிருந்தால் முந்தவும் செய்யலாம். ஆனால் முந்தக் கூடாது. இரண்டாவது ஹேர்பினை விட்டு வெளியே வந்தால் பின்பக்க நேர்ப்பாதை. அங்கே முன்னால் இருந்தால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதனால் ஹேர்பினில் பின்னாலேயே இருந்துகொண்டு, அவர் கேஸ் கொடுப்பதற்கு அரை நொடி முன்னால் நான் கொடுத்துவிட வேண்டும். டர்போ முழுமூச்சாக இழுக்க ஆரம்பிப்பது 4,000 ஆர்பிஎம் பக்கத்தில், ஆகவே ஹேர்பினுக்குள்ளும் ஊசி அதற்குக் கீழே இறங்கக் கூடாது. நேர்ப்பாதையில் சிவிக் விலகும். விலகட்டும். அவர் கிழித்துவிட்ட காற்றுக்குள் நான் ஒளிந்துகொண்டு வருகிறேன். தனியாக ஓடினால் எட்டவே எட்டாத ஒரு எண் ஸ்பீடோமீட்டரில் வந்து நிற்கும். எஞ்சின் சத்தம் என்னவோ தையல் மெஷினை மிதிப்பது போலத்தான் கேட்கும், ஆனால் இடைவெளி பெரிதாவது நின்றிருக்கும்.

அடுத்து கடைசித் திருப்பம். நீண்ட வலது வளைவு, ஆரம்பத்தில் 100 மீட்டர் ஆரம், போகப் போக 90. அவர் பிரேக் பிடிப்பார். நான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை லேசாக எடுப்பேன், பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் விடுவேன். அந்த இடத்தில் இரண்டு கார் நீளம் ஒரேயடியாகக் குறையும். உடனே உள்ளே பாய்ந்துவிடத் தோன்றும். வளைவு பின்பாதியில் இறுகுகிறது என்பதால் அப்படிப் பாய்ந்தவர் வெளிப்புறப் புல்லுக்குத்தான் போவார். நடுவில் ஒரு மூச்சு பொறுத்து, அவர் வெளியே விரியும்போது உள்பக்கம் மூக்கை நுழைக்க வேண்டும். பந்தயம் முடியும் கோடு முன்பக்க நேர்ப்பாதையில் இருக்கிறது. அதுவரை அரைக் கார் நீளம் தாங்கினால் போதும். சில நேரம் தாங்கும். பெரும்பாலும் சிவிக்கின் எஞ்சின் மேல் ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டே கோட்டுக்குச் சற்று முன்னால் தாண்டிப் போகும். அந்தத் தோல்விகூட, 800 குதிரைத்திறன் காரில் தனியாக முன்னால் ஓடி ஜெயிப்பதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

நண்பர்களோடு லாபி (ஆன்லைனில் நாமே அமைக்கும் பந்தய அறை) போட்டு ஓட்டுவதில் ஒரு ஆபத்து உண்டு. இடி வாங்குவது திருப்பத்துக்குள் நுழையும்போது என்று நினைப்போம். கப்புச்சினோவில் அது நடப்பது வெளியே வரும்போது. எல்லாரும் ஏபெக்ஸ் (திருப்பத்தின் உள்முனை) தாண்டியதும் கேஸ் கொடுப்பார்கள். நம் கார் மட்டும் யோசித்து யோசித்துக் கிளம்பும். பின்னால் இருப்பவர் எதிர்பார்க்காமல் முட்டிவிடுவார். 700 கிலோ அல்லவா, சுண்டிவிட்ட கேரம் காய்தான். எங்கள் குழுவில் ஒருவர் ஒவ்வொரு முறையும் மைக்கில் "மச்சி, அந்த டப்பாவ ஓரங்கட்டுடா!" என்று கத்துவார். ஓரங்கட்டக் கூடாது. லைனை விட்டு விலகினால்தான் அவர் குழம்புவார். நேர்க் கோட்டில், கணிக்கக்கூடிய மாதிரி ஓட்டிவிட்டு, நேர்ப்பாதையில் மட்டும் தாராளமாக வழி விடுங்கள். எப்படியும் போகப்போகிறவரைத் தடுத்தால் இரண்டு பேருக்கும் நேரம் போகும், மூன்றாவது ஆள் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார்.

டியூனிங் ஷாப் பக்கம் போகாதீர்கள் என்றே சொல்வேன். ஈசியூ (எஞ்சினின் கம்ப்யூட்டர்), பெரிய டர்போ என்று ஏற்றினால் சக்தி கணிசமாகக் கூடும்தான். கூடவே காரின் திறனை கேம் மதிப்பிடும் பிபி எண்ணும் ஏறி, நீங்கள் அடுத்த வகுப்பில் போய் நிற்பீர்கள். அங்கேயும் மெதுவான கார் நீங்கள்தான், ஆனால் இப்போது காரின் சமநிலையும் போயிருக்கும். எடைக் குறைப்பு, போர்ட் பாலிஷ் மாதிரி சில வேலைகளைச் செய்துவிட்டால் கழற்றவும் முடியாது. டயரும் அப்படித்தான். ஸ்போர்ட்ஸ் சாஃப்ட் போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். பிடிப்பு கூடினால் 64 குதிரைக்குப் பாதித் திருப்பங்கள் முழு ஆக்ஸிலரேட்டரிலேயே முடிந்துவிடும். அதன்பின் சம்பாதிக்க எதுவும் இல்லை, மிச்சம் நேர்ப்பாதை கணக்குதான். பிடிப்பு குறைந்த கம்ஃபர்ட் மீடியம் போட்டு, எதிராளிக்கும் அதையே போடச் சொல்லுங்கள். சிவிக்கின் முன்சக்கரங்கள் திருப்பத்தில் கீச்சிட்டுக்கொண்டு வெளியே இழுபடும்போது உங்கள் முகத்தில் வரும் சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை. டிராக்‌ஷன் கன்ட்ரோலையும் அணைத்துவிடலாம். காய்ந்த ரோட்டில் இந்த எஞ்சின் பின்சக்கரத்தைச் சுழற்றிவிடும் அளவுக்கு வம்புக்காரன் இல்லை. மழையில் மட்டும் எஸ் வளைவின் நடுவில் திடீரென்று காலை எடுக்காதீர்கள், வீல்பேஸ் குட்டை, பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும்.

டயர் தேய்மானத்தைக் கூட்டி வைத்து நீண்ட பந்தயம் நடத்தும் லாபிகளில் இந்தக் காருக்கு இன்னொரு வாழ்வு இருக்கிறது. மற்றவர்கள் பிட்டுக்குள் போகும்போது நாம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இலகுவான கார் டயரையும் பெட்ரோலையும் மெதுவாகத்தான் தின்னும். ஒரு நிறுத்தம் மிச்சமானால், சுற்றுக்கு ஒரு நொடியாக இழந்த கணக்கு நேராகிவிடும். நான் நியாயமாக ஜெயித்த பந்தயங்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

ஜெர்மனியின் நூர்பர்கிரிங் நார்ட்ஷ்லைஃபெ டிராக் வேறு கதை. 20.832 கிலோமீட்டர். ஹட்சன்பாக் வளைவுகளிலும் வேர்ஸைஃபன் இறக்கத்திலும் எவரையும் துரத்தலாம், பாதிப் பேர் பயத்தில் முன்கூட்டியே பிரேக் பிடிப்பார்கள். பெர்க்வெர்க் தாண்டியதும் கெஸ்ஸல்ஷென் ஏற்றம் வரும். அங்கே கப்புச்சினோ படுகிற பாடு பார்க்கச் சகிக்காது. நாலாவது கியரா மூணாவதா என்று தடுமாறுவதற்குள் ரோட்ஸ்டர் கண்ணுக்கு மறைந்திருக்கும். கடைசியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான டோட்டிங்கர் ஹோயே நேர்ப்பாதை. ஒருவர் பின்னாலும் ஒட்டிக்கொள்ள முடியாமல் அங்கே தனியாக மாட்டினால், போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். என் சிபாரிசு: இங்கே பந்தயம் வேண்டாம், தனியாகச் சுற்றுங்கள். வலப்பக்க ஸ்டியரிங் நமக்குப் பழகியது என்பதால் காக்பிட் பார்வையில் ஓட்ட அருமையாக இருக்கும்.

கேம் நடத்தும் ஒற்றையாள் போட்டிகளில் இந்தக் காரை எடுப்பதில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. பலவற்றில் நகர்ந்தபடியே தொடங்கி, முன்னால் வெகுதூரம் போய்விட்ட கார்களை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். வேகமான காருக்கு அது வேடிக்கை. மெதுவான காருக்கு முதலாவது ஆள் அடிவானத்தில் ஒரு புள்ளி. 2023 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-ல் விரைவுப் பந்தயங்களுக்குச் சேர்க்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு ஓட்டுநர் சோஃபி பரவாயில்லை. பக்கத்தில் கார் இருப்பதை உணர்ந்து இடம் விட்டு ஓட்டும். ஆனாலும் நண்பனை ஏமாற்றி உள்ளே புகுந்தால் கிடைக்கிற திட்டு அதனிடம் கிடைக்காது.

இதைவிடச் சின்னதாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: 1968 ஃபியட் 500-ம் இதே கேமில் இருக்கிறது. இரண்டு சிலிண்டர், 499 சிசி, 18 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்தேன். அதில் பந்தயம் நடக்காது, பிரார்த்தனைதான் நடக்கும். துரத்துவதற்கு ஓரளவாவது வேகம் வேண்டும் அல்லவா? 1965 மினி கூப்பர் எஸ் நல்ல நடுவழி. நிஜத்திலும் தன்னைவிடப் பெரிய கார்களை மான்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மினிதான் தோற்கடித்தது. 1966-ல் முகப்பு விளக்கு விதி என்று சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள், அந்தப் பஞ்சாயத்து தனி. முன்சக்கர இழுவை பிடித்தவர்கள் அதை எடுக்கலாம். எனக்குப் பின்பக்கம் லேசாக அசைய வேண்டும், அதனால் கப்புச்சினோ.

லாபி போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஸ்லிப்ஸ்ட்ரீம் (முன்னால் போகும் கார் கிழித்த காற்றால் பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் உதவி) அளவை 'ரியல்' என்று வையுங்கள். 'ஸ்ட்ராங்' வைத்தால் பின்னால் வருகிற எல்லாரையும் காற்றே உறிஞ்சிக்கொண்டு போய் முன்னால் விட்டுவிடும், திருப்பத்தில் உழைத்ததற்கு அர்த்தமே இருக்காது. 'வீக்' வைத்தால் முதல் நேர்ப்பாதையிலேயே என் கதை முடிந்தது. டியூனிங்குக்குத் தடை, டயர் கம்ஃபர்ட் மீடியம், டிராக் சுகுபா. ஆளுக்கொரு ரோட்ஸ்டர் எடுத்துக்கொண்டு வாருங்கள், சிவிக் இருந்தால் இன்னும் நல்லது. நான் கடைசி கிரிட்டிலிருந்து கிளம்புகிறேன்.