பெங்காசி விசாரணை: போர்டா, கமிட்டியா?

2012 செப்டம்பர் 11 ராத்திரி லிபியாவுல பெங்காசில நடந்த தாக்குதல்ல அமெரிக்க தூதர் கிறிஸ் ஸ்டீவன்ஸோட சேர்த்து 4 பேர் செத்துப் போயிட்டாங்க, யார் பதில் சொல்றதுன்னு விசாரணை மேல விசாரணை, அதுல ரெண்டுல எது உருப்படிங்கறதுதான் கேள்வி. முன்னாள் தூதர் பிக்கரிங், முன்னாள் ராணுவத் தளபதி முல்லன் தலைமையில வெளியுறவுத் துறை போட்ட விசாரணை போர்டு மூணே மாசத்துல ரிப்போர்ட் குடுத்துச்சு, பாதுகாப்பு படுமோசம்னு நேராவே சொல்லி 29 பரிந்துரையும் வச்சுச்சு, ஆனா அப்போ வெளியுறவு அமைச்சரா இருந்த ஹிலாரி கிளின்டனை உக்கார வச்சு கேக்கவே இல்ல, ரிப்போர்ட்டுக்கு அப்புறம் லீவுல அனுப்பின 4 அதிகாரிங்களையும் 2013லயே திரும்ப வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க (இதுக்குப் பேரு நடவடிக்கையாம்!).

குடியரசுக் கட்சி எம்.பி. கௌடி தலைமையில வந்த நாடாளுமன்ற கமிட்டி 2015ல ஹிலாரியை 11 மணி நேரம் கேமரா முன்னாடி நிறுத்துச்சு, அது பெரிய விஷயம்தான், ஆனா ரெண்டு வருஷம் இழுத்தும் ஜனங்க பேசினது என்னமோ ஹிலாரி ஆபீஸ் வேலைக்கு சொந்தமா வச்சிருந்த ஈமெயில் சர்வரை பத்தி. எனக்கு போர்டு ரிப்போர்ட்தான் உருப்படியா தெரியுது.